பஞ்சுக்கு அடியில் இட்லி

மலைக்குக் கட்டிக்கொண்டு போகும் மதியச் சாப்பாட்டில் என்னென்ன இருக்கக் கூடாது என்று சிஸ்டர் சொன்னதை ரத்தம் தடவும் கண்ணாடி ஸ்லைடு பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டி வைத்திருந்தேன். கருவாடு கூடாது. ஊறுகாய் கூடாது. வெங்காயம், முட்டை, புளிச்சோறு கூடாது. முறுக்கு, அப்பளம் மாதிரிக் கடித்தால் சத்தம் வருகிற எதுவும் கூடாது. எவர்சில்வர் டப்பா கூடாது, மூடியைத் திறக்கும்போது தூரத்துக்குக் கேட்கும். இலையில் கட்டக் கூடாது, சாப்பிட்ட இலையை எங்கே போடுவது? உட்கார்ந்து பிசைந்து சாப்பிடும்படியான எதுவும் கூடாது.

படிக்கிறவர்களுக்கு அவர் ஏதோ ஆசாரம் பார்க்கிறவர் என்று தோன்றலாம். மலையில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. அது எங்களுக்குத் தெரியவந்த நாளில், ஒரு பெண் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த தன் குழந்தையை எங்களிடம் தர மறுத்தாள்.

கல்வராயன் மலையடிவாரத்தில் இருந்த ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் கிராம நர்ஸ், நான் லேப் டெக்னீஷியன். எனக்கு அதுதான் முதல் வேலை. அவருக்கு முப்பத்திரண்டு வயது இருக்கும். பெண்கள் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கீழே எல்லோருக்கும் சிஸ்டர், மலையில் ஊசிக்காரம்மா. என்னை அவர் 'லேப்பு' என்பார். "ஏ லேப்பு, கண்ணாடித் துண்டெல்லாம் எண்ணி எடுத்துக்கினியா?" என்று சுவரைத் தட்டிக் கேட்டால் புதன்கிழமை விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

எண்பத்தேழில் நடந்தது, ஏழெட்டு வருடம் ஆகிறது. இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் ஊர்வலமும் மறியலுமாக இருந்த காலம். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பஸ் வரும் வராது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மலைக்கு எந்த நாளும் பஸ் கிடையாது, அதனால் எங்கள் புதன்கிழமைகள் தடைப்பட்டதில்லை. மாதத்தில் இரண்டு புதன், மூன்று மணி நேர ஏற்றம், முப்பது வீடுகள் உள்ள ஒரு ஊர். அவர் குழந்தைகளுக்கு ஊசி போடுவார். நான் காய்ச்சல் கண்டவர்களின் விரலைக் குத்தி மலேரியாவுக்கு ரத்தம் எடுப்பேன். பொழுது இருக்கும்போதே இறங்கிவிடுவோம்.

கூடாதது இவ்வளவு என்றால் கூடுவது எது என்று கேட்பீர்கள். எண்ணெய் தொட்ட இட்லி, பொடி இல்லாமல், பொடியில் பெருங்காயம் இருக்கும். வெங்காயம் போடாத கேழ்வரகு அடை. சர்க்கரை தூவிச் சுருட்டிய சப்பாத்தி. கம்பு மாவும் வெல்லமும் பிடித்த உருண்டை. மழை நாளில் வேகவைத்த வேர்க்கடலை, தோலை வீட்டிலேயே உரித்துவிட வேண்டும். இதில் எதுவானாலும் கொதிக்கவைத்து உலர்த்திய கட்டுத்துணியில் முடிந்து, மருந்துப் பையின் அடியில் வைப்பார். அதன் மேல் பஞ்சு, பஞ்சின் மேல் கத்தரி, டிங்ச்சர் பாட்டில், மாத்திரைகள். பையைத் திறந்தால் ஆஸ்பத்திரி மட்டும்தான் தெரியும். வாயில் வைத்தாலும் ஆஸ்பத்திரிதான். எங்கள் கம்பவுண்டர் ஒருநாள் அந்த இட்லியில் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு, "சிஸ்டர் வூட்டு இட்லி வயித்துப் புண்ணையே ஆத்திடும் போல" என்றார். சிஸ்டருக்குச் சிரிப்பு தாளவில்லை.

ஊர் தெரிவதற்கு முன் கடைசி வளைவில் ஒரு பாறை உண்டு. அதன் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். கூழ் குடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது, எனக்குப் பசியும் இருக்காது. முடித்ததும் வாய் கொப்பளித்து, குப்பியில் மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட வேண்டும். பிறகு என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார்.

"ஒதட்டுல எண்ணெ மின்னுது. தொட."

"தொடச்சிட்டேன் சிஸ்டர்."

"இன்னா தொடச்ச? இன்னும் மின்னிக்கினுதான் இருக்குது."

ஒருமுறை சப்பாத்திக்குள் மாங்காய் ஊறுகாய் தடவி எடுத்துக்கொண்டேன். சர்க்கரைச் சப்பாத்தி அலுத்துவிட்டது. அணைக்கரையைத் தாண்டவில்லை, பத்தடி முன்னால் போய்க்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

"லேப்பு, பையில இன்னா வெச்சிக்கினு வர்ற?"

"ஒண்ணுமில்லீங்களே."

"மாங்கா. சாப்ட்டு வந்த எனக்கே மூக்குல ஏறுது. பசிச்சவனுக்கு ஒரு மைலுக்கு வரும். இங்கயே முடி."

காலை ஏழு மணிக்கு மூன்று சப்பாத்தியும் ஊறுகாயும். கோமுகி அணையைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன். அன்று மாலை வரை நெஞ்செரிச்சல்.

இதெல்லாம் எதனால் என்று ஒரே ஒரு தடவை சொன்னார். முதன்முதலாக மலைக்குப் போனபோது புளிச்சோறு கொண்டுபோயிருக்கிறார். ஊர் நடுவில் இருக்கிற பலா மரத்தடியில் டப்பாவைத் திறந்தார். ஆடி மாதம். சாமை இன்னும் கதிர் விடவில்லை, பழைய தானியம் தீர்ந்துபோன சமயம். பிள்ளைகள் வந்து சுற்றி நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் கையிலிருந்து நாலு பருக்கை கீழே விழுந்தது. ஒரு பெண் குழந்தை குனிந்து அதை மண்ணோடு பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு, மறுபடி நிமிர்ந்து நின்றது.

"கேட்டிருந்தா டப்பாவோட குடுத்துட்டு வந்திருப்பேன் லேப்பு. கேக்கல."

பிள்ளைகள் பத்தொன்பது பேர், ஒரு டப்பா. அதை எப்படிப் பங்கிட்டிருக்கலாம் என்று அவர் இரண்டு வருடம் கழித்தும் யோசித்துக்கொண்டிருந்தார். நிறைய எடுத்துக்கொண்டு போகலாமே என்றேன். போயிருக்கிறார். அடுத்த புதன் ரொட்டி கொண்டுபோய்ப் பங்கு வைத்தார். அதற்கடுத்த புதன் கொண்டுபோக முடியவில்லை. பாதை தொடங்கும் இடத்துக்கே பிள்ளைகள் இறங்கி வந்து அவர் பையைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தார்களாம். அன்றிலிருந்துதான் பாறை, அன்றிலிருந்துதான் பஞ்சு.

ஒரு வழக்கம் வேர் பிடித்துவிட்டால் மலையோடு நிற்பதில்லை. சுகாதார நிலையத்திலும் அவர் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டார். கல்யாணங்களில் மொய் எழுதிவிட்டு நழுவிவிடுவார். "சிஸ்டர் சோறு துன்றதப் பாத்தவன் இந்த டிபார்ட்மெண்ட்லயே கெடையாது" என்பார் கம்பவுண்டர்.

மலையில் யார் எது கொடுத்தாலும் அவர் வாங்க மாட்டார். கொடுத்தால் அந்த வீட்டில் ஒருவருக்குக் குறையும் என்பது அவர் கணக்கு. தண்ணீருக்கும் அதே கணக்கு. ஊற்று கால் மணி நேர இறக்கத்தில் இருந்தது. ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். "அவங்க சுமந்துக்கினு வந்த தண்ணிய நாம குடிக்கறதா?" என்பார். அலமேலு என்ற பெண் ஒருநாள் மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து இலையில் கொண்டுவந்து எங்கள் முன்னால் நீட்டினாள். கைக்குழந்தைக்காரி, அதிகம் பேசாதவள்.

"வேணாம் அலமேலு, வயிறு ரொம்பிக் கெடக்குது" என்று சிஸ்டர் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"ஒரு துண்டு எடு." மலையில் எல்லோருமே எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார்கள்.

"நெஜமாத்தான். புள்ளைக்குக் குடு."

மூன்று தடவை நீட்டினாள். மூன்று தடவையும் சிஸ்டர் சிரித்துக்கொண்டே மறுத்தார். அலமேலு அந்த இலையை முந்தானையால் மூடிக்கொண்டு, மற்ற வீட்டு வாசல்கள் வழியாகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனாள். நான் அதைப் பார்த்தேன். சிஸ்டர் அப்போது மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவில்லை.

இன்னொரு நாள் ஏழெட்டு வயசுச் சிறுமி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "யக்கா, ஒங்க ரெண்டு பேருக்கும் பசிக்கவே பசிக்காதா?"

திரும்பி வரும்போது சிஸ்டரிடம் சொன்னேன். அவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. "பாத்தியா லேப்பு? ஒண்ணுத்துக்கும் தெரியல! நாம துன்றது ஒண்ணுத்துக்கும் தெரியல!" என்று கையைத் தட்டினார்.

மரங்களை வெட்டிச் சாலையில் போட்டு மறியல் செய்த அந்த வாரம் வந்தது. கள்ளக்குறிச்சி போகும் சாலையில் ஐந்து இடத்தில் மரம் கிடந்தது. எங்கள் டாக்டர் கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிறவர், நாலு நாளாக வர வழியில்லை. என் அண்ணனும் வடக்கனந்தல் பக்கத்தில் சாலையில் உட்கார்ந்திருந்தான். படித்துவிட்டு வருடக்கணக்கில் வீட்டில் இருந்தவன். அவன் கேட்டது நியாயம் என்றுதான் நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

மலையில் குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டிருப்பதாக விறகு கொண்டுவந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் முறைப் புதன் இல்லை, ஆனாலும் போனோம். பாறைக்குப் பின்னால் நிற்கக்கூட நேரமில்லை என்று சிஸ்டர் நேராக நடந்தார். இட்லி பையிலேயே இருந்தது.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மை இறங்கிவிட்டிருந்தது. அலமேலுவின் பெண்ணுக்கும் இறங்கிவிட்டது. ஆனால் விலா எலும்புக்குக் கீழே குழி விழ மூச்சு இழுத்தது. சிஸ்டர் சட்டையை விலக்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினார். அறுபத்திரண்டு. என்னையும் எண்ணச் சொன்னார். அறுபத்து நாலு. இரண்டு வயதுக் குழந்தைக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது. மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தார், குழந்தை கக்கிவிட்டது.

"அலமேலு, சளி நெஞ்ச அடைச்சிக்கினு இருக்குது. பெரியாஸ்பத்திரிக்குப் போவணும். இப்பவே."

"இன்னும் தலைக்குத் தண்ணி ஊத்தல. ஆத்தா வெளிய எடுக்கக் கூடாதும்பா."

"ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். நீ வர முடியலன்னா என்கிட்ட குடு. நான் தூக்கிக்கினு போறேன்."

அலமேலு குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒங்கிட்டயா?" என்றாள். "ரெண்டு வருசமா வந்துக்கினு போயிக்கினு கீற. எங்க வூட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பியா? எங்க கை பட்டது ஒனக்கு ஆவாது. எம் புள்ள மட்டும் ஆவுமா? பாதி வழியில அருவருத்துக்கினு எறக்கி வெச்சிட்டீன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

வாசலில் நின்றிருந்த பெண்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவள் சொன்னது அவர்களுக்கும் புதிது இல்லை என்று முகங்களில் தெரிந்தது.

சிஸ்டர் பையைக் கீழே வைத்து, டிங்ச்சர் பாட்டிலை எடுத்து வைத்தார், கத்தரியை எடுத்து வைத்தார், பஞ்சை எடுத்து மடியில் வைத்தார். கட்டுத்துணி முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். ஆறு இட்லி. பாறையையும், புளிச்சோற்றையும், மண்ணில் பொறுக்கித் தின்ற குழந்தையையும் சொன்னார்.

அந்தக் குழந்தை யார் வீட்டுக் குழந்தை என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பெண் உள்ளே போய்விட்டாள்.

"பஞ்சுக்குள்ள ஒளிச்சி வெச்சிருந்தியா?" என்றாள் அலமேலு. "எங்களப் பாத்தா புடுங்கித் துன்ற சனமாட்டம் கீதா?"

"ஐயோ இல்ல அலமேலு. புள்ளைங்க ஏங்கிப் போவுமேன்னு..."

"ஏங்கினா ஏங்கிட்டுப் போவுது. எங்க புள்ளைங்களுக்கு நாங்க கீறோம்."

"சரி. எதுனா இருந்தா குடு. இங்கயே சாப்புட்றேன்."

அலமேலு வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரி ஒரு தட்டில் கேழ்வரகுக் களியும் கொள்ளுத் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். சிஸ்டர் தரையில் உட்கார்ந்தார். ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. கதவைச் சாத்தாமல் ஒரு வாய் சாப்பிட்டறியாதவர், முப்பது வீட்டுக் கண் முன்னால் களியைப் பிட்டு வாயில் வைத்தார். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும். அவருக்கு இறங்கவில்லை. தொண்டை ஏறி ஏறி இறங்கியது. கண்ணில் நீர் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். கடைசி வாய் வரை சாப்பிட்டு, அவர்கள் கொடுத்த செம்புத் தண்ணீரில் ஒரு வாய் குடித்து, மிச்சத்தில் தட்டிலேயே கை கழுவினார்.

"இப்ப குடு."

அலமேலு அசையவில்லை. "இப்ப காரியத்துக்காகத் துன்ற. அன்னிக்குக் கெழங்கு குடுத்தப்ப வயிறு ரொம்பியிருந்துதே?"

நாங்கள் ஊருக்குள் வந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மலைச்சரிவில் இருந்த சாமைக் கொல்லையிலிருந்து அவள் புருஷன் சடையன் வந்தான். குழந்தையைப் பார்த்தான். அலமேலுவிடமிருந்து வாங்கித் துண்டில் வைத்து மார்போடு கட்டிக்கொண்டான். அவனிடம் அவள் கொடுத்தாள். சிஸ்டரைப் பார்த்து, "நட" என்றான்.

இறங்கும்போது அவன் ஒரே ஒரு முறை பேசினான். "கீழ எதுக்கு ரோட்ட அடைச்சிக்கினு கீறாங்க?" படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்கிறார்கள் என்றேன்.

"எங்களுக்கு அது முன்னாடியே குடுத்துட்டாங்கன்னு ஒரு ஆபீசரு வந்து சொன்னாரு. எந்த ரோட்ல வருதாம்?"



முதல் மரம் வடக்கனந்தலுக்கு இந்தப் பக்கம் கிடந்தது, பெரிய புளிய மரம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் அண்ணன்தான் முதலில் எழுந்து வந்தான். "இன்னாம்மா, யார் கொழந்த?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திருக்காமல் ஆட்களைக் கூப்பிட்டான். மரத்தை வெட்டிப் போட்டவர்களே கிளைகளுக்கு மேல் ஏறி நின்று, குழந்தையைக் கைமாற்றி அந்தப் பக்கம் சேர்த்தார்கள். ஒருவர் சைக்கிள் கொடுத்தார். அடுத்த மரத்திலும் அப்படியே. யாரும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. மூன்றாவது மரத்தில் குழந்தையை வாங்க ஒரு பெரியவர் கை நீட்டியபோது, சிஸ்டர் துண்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். அங்கேயே வெகு நேரம் கையை வைத்திருந்தார். பிறகு பெரியவரிடம், "வேணாங்க" என்றார்.

டாக்டர் திரும்பி வந்ததும், முன்னாலேயே கிளம்பியிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்று சிஸ்டர் அவரிடம் கேட்டார். அந்த நிலைமையில் இரண்டு மணி நேரம் முன்னால் வந்திருந்தாலும் சொல்வதற்கில்லை என்றார். சொல்வதற்கில்லை என்பது பிழைத்திருக்காது என்று ஆகாது, பிழைத்திருக்கும் என்றும் ஆகாது. சிஸ்டர் அதற்குப் பிறகு யாரிடமும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர் மலைக்கு மறுபடி சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்ததே இல்லை. தண்ணீர்க் குப்பியும் இல்லை. பையில் பஞ்சுக்கு அடியிலும் பஞ்சுதான். ஊசி போட்டு முடித்து, மதியத்தில் பலா மரத்தடியில், எல்லா வீட்டு வாசலும் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருப்பார். யாராவது கூப்பிடுவார்கள் என்று. வீடுகளில் அடுப்பு புகையும், களி கிண்டுகிற சத்தம் கேட்கும், எங்களை யாரும் பார்க்க மாட்டார்கள். நான் என் பங்கை வழியில் பாறைக்குப் பின்னால் தின்றுவிட்டு வந்திருப்பேன். இறங்கும்போது இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்திருப்பார். "எதுனா சாப்ட்டுட்டு வாங்க சிஸ்டர்" என்றால், "நீ துன்னு லேப்பு" என்பார்.

எனக்கு விழுப்புரத்துக்கு மாற்றல் வந்தபோது கடைசியாக ஒருமுறை அவரோடு போனேன். வெயில் காலம். ஊசிக்கு மூன்று குழந்தைகள்தான் வந்திருந்தன. அலமேலு ஊற்றிலிருந்து குடத்தோடு வந்தாள். மறுபடி கர்ப்பமாக இருந்தாள், ஆறு மாதம் இருக்கும். எங்களைக் கடந்துதான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

"அலமேலு, கொஞ்சம் தண்ணி குடு" என்றார் சிஸ்டர்.

அவள் நின்றாள். குடத்தில் தண்ணீர் ததும்பி அவள் தோளில் வழிந்தது. சிஸ்டரின் முகத்தைக் கோபமில்லாமல் ஒரு பார்வை பார்த்தாள்.

"எறங்கற வழியில ஊத்து கீது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிஸ்டர், "சரி அலமேலு" என்றார். அடுத்த குழந்தையின் கையைப் பிடித்து, பஞ்சை நனைத்து, ஊசி போட வேண்டிய இடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.